அம்மாயி பேரு ஏன் அப்படி? பிள்ளைகளின் புத்தகமும் பெரியவர்களின் மௌனமும்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடுவார்கள். பாயை விரித்து, இரண்டு அட்டைப்பெட்டிப் புத்தகங்களை நடுவில் வைத்துவிடுவேன். தானாகப் படிக்கத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுவேன். பக்கத்துச் சந்துகளில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றித்தான் வாசிக்க வேண்டும். ஒருநாள் ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் எப்படி வந்தன என்று ஒரு சின்னப் புத்தகம் வாசித்தோம். முடித்ததும் ஆறாவது படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: “அக்கா, எங்க அம்மாயி பேரு போதும்பொண்ணு. ஏங்க்கா அப்படி வெச்சாங்க?” அம்மாயி என்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அம்மா.

அவளைக் கூட்டிப்போக வந்து மாடிப்படியில் நின்றிருந்த அவள் அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. “நேரமாச்சு, பேசாம வா” என்று கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். நாலு படி இறங்கியதும் அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். பதில் தெரியாத பிள்ளையின் முகம் இல்லை அது. பதில் பாதி தெரிந்துபோய், மீதியைக் கேட்கக் கூடாது என்பதும் தெரிந்துபோன முகம்.

சாவு, பாலியல் தொல்லை, சாதி, சின்ன வயசுக் கல்யாணம், அப்பாவின் குடி, வீட்டுக் கடன். இதையெல்லாம் பிள்ளைகளின் புத்தகத்தில் எழுதலாமா என்று கேட்கிறவர்கள் இன்றும் நிறையப் பேர். “பிஞ்சு மனசு, இப்பவே எதுக்கு இதெல்லாம்?” என்பார்கள். அக்கறையில் வரும் கேள்விதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை சனிக்கிழமைகள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இந்த விஷயங்களை எந்தப் புத்தகமும் புதிதாக வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அவை முன்பே வீட்டுக்குள் இருக்கின்றன. பிள்ளைக்குப் பாதி காதில் விழுந்திருக்கும். மீதியைக் கேட்க ஆளில்லாமல் அதுவே கற்பனை செய்து நிரப்பிக்கொள்ளும். அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையை விடப் பயங்கரமானது. பாதி தெரிந்ததைப் பேசுவதற்கு ஒரு சொல்லைத் தருவதுதான் புத்தகத்தின் வேலை.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மூன்றாவது, நான்காவது குழந்தையும் பெண்ணாகப் பிறந்தால், இனிப் பெண் வேண்டாம் என்று சாமியிடம் முறையிடுவது போல வைத்த பெயர் போதும்பொண்ணு. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அது முதலில் தொடங்கியது நம் மாவட்டத்தில்தான். வளர்க்க முடியாத பெண் குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள், பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும் என்றது அந்தத் திட்டம். அப்படி ஒரு தொட்டில் தேவைப்பட்ட ஊர் இது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. அதற்குப் பிறகு எடுத்த 2001 மக்கள்தொகைக் கணக்கில்கூட சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான். அந்த வருஷம் மாநிலம் முழுவதற்குமான கணக்கு 942. 2011இல் சேலம் 916க்கு ஏறியது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த 851இல் ஒருத்தியாக எண்ணப்பட்டவள் இன்று என் மாடிக்கு வரும் ஏதோ ஒரு பிள்ளையின் அம்மாவாகவோ சித்தியாகவோ இருப்பாள். பழங்கதை என்று ஒதுக்கிவைக்கும் தூரத்தில் இது இல்லை.

அப்புறம், பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் காலம் ஒன்று உண்டு. பஸ் போர்டு, கடைப் பலகை, சுவரொட்டி என்று கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாகப் படிப்பார்கள். தம்பியோ தங்கையோ வயிற்றில் இருக்கும்போது அம்மாவோடு ஸ்கேன் சென்டருக்குப் போன பிள்ளை, அங்கே சட்டப்படி மாட்டிவைத்த பலகையைப் படிக்காமல் இருக்குமா? கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்ல மாட்டார்கள், சொல்வது குற்றம் என்று அதில் தமிழிலேயே எழுதியிருக்கும். “ஏம்மா சொல்லக் கூடாது? சொன்னா என்ன?” என்று கேட்கும். நம் ஊரில் இதைப் பற்றிய முதல் வாசிப்பு அந்தச் சுவரிலேயே நடந்துவிடுகிறது. பதில் சொல்ல வாய் வராமல் நிற்பது நாம்தான்.

இந்த மௌனம் நம் பழைய பழக்கம் என்று நினைத்தால் அது தப்பு. சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் கோயில் திருவிழா என்றால் விடிய விடியக் கூத்து. முன்வரிசையில் உட்காருவது யார்? சாக்கை விரித்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு பிள்ளைகள்தான். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வருவதை அவர்கள் பார்த்தார்கள். அபிமன்யு தனியாக மாட்டிக்கொண்டு சாவதைப் பார்த்தார்கள். நல்லதங்காள் கூத்து இன்னும் கொடுமை. பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்கு வந்தவளை அண்ணி பட்டினி போட்டு விரட்ட, ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடுவாள். மூத்த பையன் தப்பி ஓடப் பார்ப்பான். அந்த இடத்தில் கூட்டமே அழும்.

அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் கெட்டுப்போகவில்லை. காரணம், பிள்ளை அதைத் தனியாகப் பார்க்கவில்லை. பயந்தால் சாய்ந்துகொள்ள அப்பாயி மடி பக்கத்திலேயே இருந்தது. பெரியவர்கள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பிள்ளையும் பார்த்தது. இதற்கு அழலாம், அழுதால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று அது தெரிந்துகொண்டது. நடுநடுவே கோமாளி வந்து சிரிக்க வைப்பான், மூச்சு விட நேரம் கிடைக்கும். விடிந்ததும் வேஷம் கலைத்த நல்லதங்காள் டீக்கடையில் பீடி குடித்துக்கொண்டிருப்பார். கதையில் செத்தவர் உயிரோடு இருக்கிறார், கதை வேறு, நாம் வேறு என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். கனமான விஷயத்தைப் பிள்ளைக்குச் சொல்லும் முறையைப் பற்றி இன்றைய நிபுணர்கள் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஒரு ராத்திரிக்குள் இருந்தது.

ஆனால் கூத்தில் பிள்ளையின் குரல் இல்லை. ஓடிய மூத்த பையனுக்கு என்ன தோன்றியது என்று யாரும் கேட்டதில்லை. துகிலுரிதலைப் பார்த்த சிறுமி, “யாரும் ஏன் தடுக்கல?” என்று கேட்டிருந்தால் விதி என்றுதான் பதில் கிடைத்திருக்கும். இன்று எழுதுகிறவர்கள் நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

அச்சில் வந்த சிறுவர் இலக்கியம் வேறு வழியில் போனது. பாட்டு, ராஜா ராணி, வேதாளம், புத்திசாலி முயல், கடைசியில் ஒரு நீதி. அவற்றில் நல்லவை நிறைய உண்டு, அம்புலிமாமாவைக் கையில் வைத்துக்கொண்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் பிள்ளைகளின் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவது பிள்ளை இல்லை. பரிசு கொடுக்கும் பள்ளி, வாங்கித் தரும் அப்பா, நூலகத்துக்கு ஆர்டர் போடும் அலுவலகம் என்று மூன்று வாசலைத் தாண்டித்தான் அது பிள்ளையின் கைக்கு வர வேண்டும். பெரியவர்களைச் சங்கடப்படுத்தும் எதுவும் அந்த வாசல்களிலேயே நின்றுவிடும். பதிப்பாளருக்கு இது தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். எழுதும்போதே கை தயங்கிவிடுகிறது.

சாவைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையும் தப்பிக்க முடியாத விஷயம் அது, நாம் அதிகமாகப் பொய் சொல்வதும் அதில்தான். சாமிகிட்ட போயிட்டார், நட்சத்திரமாயிட்டார், ஊருக்குப் போயிருக்கார், தூங்குறார் என்கிறோம். 2021 கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் தெருவில் ஒருவர் இறந்துபோனார். முகத்தைப் பார்க்கக்கூட விடாத காலம் அது. ஐந்து வயது மகனிடம், “அப்பா ஆஸ்பத்திரியில தூங்குறாரு, எழுந்து வருவாரு” என்று சொல்லிவைத்தார்கள். வேறு என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சில வாரங்களில் அந்தப் பையன் தூங்க மறுத்தான். ராத்திரி அம்மா கண்ணை மூடினால் பக்கத்தில் உட்கார்ந்து இமையை விரலால் தூக்கிப் பார்ப்பான். அம்மா கண் விழித்து “என்னடா?” என்றதும் படுத்துக்கொள்வான். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் தூக்கிப் பார்ப்பான். இதை அந்த அம்மா என்னிடம் சொன்னபோது அவர் கண்கள் செக்கச்செவேலென்று இருந்தன. தூக்கம் என்றால் திரும்பி வராமல் போய்விடுவது என்று அவனுக்கு நாம்தான் கற்றுக் கொடுத்திருந்தோம்.

மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர், மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள புடாபெஸ்ட் பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேசியும் எழுதவும் வரையவும் சொல்லியும் செய்த ஆய்வு 1948இல் வெளிவந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் சாவைத் தூக்கம் போல, பயணம் போல நினைத்தார்கள். போனவர் திரும்ப வரலாம் என்று நம்பினார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் சாவை ஓர் ஆள் போலக் கற்பனை செய்தார்கள். ஒன்பது வயதை ஒட்டித்தான் எல்லோருக்கும் வருவது, மீள முடியாதது என்ற புரிதல் வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இந்த வயதுக் கணக்கைத் திருத்தியிருக்கின்றன. பல பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்ளேயே இது புரிந்துவிடுகிறது என்கிறார்கள். இதை வைத்துப் பார்த்தால், சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைக்கும் நம் இடக்கரடக்கல் எங்கே இடிக்கிறது என்று தெரியும். பெரியவர்களுக்கு “தூங்குறார்” என்பது ஆறுதல். எதையும் அப்படியே நம்பும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு அது தகவல்.

அந்தப் பையனுக்குக் கடைசியில் அவன் அம்மாதான் சொன்னார். நானும் கூட இருந்தேன். “அப்பா செத்துப்போயிட்டாரு சாமி. செத்துப்போனா மூச்சு வராது, வலிக்காது, பசிக்காது. திரும்பி வர முடியாது. தூங்குறது வேற.” அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “நான் அன்னிக்கு அப்பா போனைக் கீழ போட்டேனே, அதனாலயா?” சின்னப் பிள்ளைகள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். தான் செய்த ஏதோ ஒன்றால்தான் இது நடந்தது என்று நினைத்து, அதை யாரிடமும் சொல்லாமல் சுமப்பார்கள். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு, ஒருவரை இழந்த குடும்பத்துக்கு 3 லட்சம் என்று மாநில அரசு கொடுத்தது. அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. அதோடு சேர்த்து, சாவைப் பற்றிப் பிள்ளை மொழியில் ஒரு சின்னப் புத்தகம் வீட்டுக்கு வீடு போயிருந்தால் என்று நான் ஆசைப்பட்டதுண்டு.

எப்படி எழுதுவது என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துக் காட்டுவது, தமிழிலும் பலர் படித்த டோட்டோ சான். ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி 1981இல் எழுதியது, டோட்டோ சான் என்பது சின்ன வயதில் அவர் பெயர். போலியோ பாதித்த யாசுவாக்கியை டோட்டோ சான் தன் மரத்தில் ஏற்றிவிடுகிறாள். ஏணி, வியர்வை, பிடித்து இழுப்பது என்று அந்த ஏற்றம் நிதானமாக, விவரமாக வரும். பின்னால் அவன் இறப்பது அதை விடச் சுருக்கமாக வரும். நாம் அவனைச் சாவுக்காக ஞாபகம் வைத்திருப்பதில்லை, மரத்தின் மேலே உட்கார்ந்திருந்த பையனாகவே வைத்திருக்கிறோம். சாவைச் சொல்லும் புத்தகத்தில் வாழ்ந்ததற்கு அதிக இடம் வேண்டும். மாடியில் இதை வாசித்தபோது பிள்ளைகள் சத்தமில்லாமல் அழுதார்கள். அடுத்த வாரம் மரம் ஏறும் பகுதியைத்தான் மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.

பாலியல் தொல்லை என்று வரும்போது சிக்கல் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. பிள்ளை செய்யும் குறும்புக்கும் சில்மிஷம் என்கிறோம், பஸ்ஸில் ஒருவன் சிறுமியிடம் நடந்துகொள்வதையும் பத்திரிகைகள் சில்மிஷம் என்று எழுதிவந்தன. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பிள்ளை எதை முறையிடும்? உடல் உறுப்புக்கு வீட்டுக்கு வீடு ஒரு செல்லப்பெயர். அந்தப் பெயரைப் பிள்ளை டீச்சரிடம் சொன்னால் அவருக்கு விளங்காது. தொட்டவன் பெரும்பாலும் தெரிந்தவனாகத்தான் இருப்பான், மாமா என்றோ தாத்தா என்றோ முறை வைத்துக் கூப்பிடப் பழக்கியிருப்போம். பெரியவங்க சொன்னா கேக்கணும் என்றும் சொல்லிக் கொடுத்திருப்போம். அவ்வளவையும் தாண்டி ஒரு பிள்ளை வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ இந்த இடத்தில் பெரிய உதவி செய்தது. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்ற நாவல். ஒரு சிறுமியிடம் வந்துசேரும் மரப்பாச்சிப் பொம்மை அவளோடு பேசுகிறது, நடந்ததை வெளியே சொல்லத் தைரியம் தருகிறது. மரப்பாச்சி என்ற தேர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் பாட்டிகள் கொலுவில் வைத்தது, பிள்ளைகள் விளையாடியது. கேள்வி கேட்டு மடக்காது, நீ ஏன் அங்கே போனாய் என்று திட்டாது. ஒரு பிள்ளை முதலில் ரகசியம் சொல்வது அப்படிப்பட்ட ஒன்றிடம்தான்.

இந்த மாதிரிப் புத்தகங்களில் சிலவற்றை ஒரு பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, “இதெல்லாம் வேண்டாங்க, பேரண்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க” என்று திருப்பித் தந்துவிட்டார்கள். கொடுத்தவரும் மனசில்லாமல்தான் கொடுத்தார். வீட்டில் பையைப் பிரித்தபோது ஒரு புத்தகத்தில் பாதிக்கு மேல் ஒரு பக்கத்தின் மூலை மடித்திருந்தது. யாரோ ஒரு பிள்ளை அதுவரை படித்திருக்கிறது. மீதியைப் படிக்க முடியாமல் போய்விட்டது. அந்த மடிப்பை நான் இன்னும் நீவிவிடவில்லை.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14இல், குழந்தைகள் தினத்தன்று, நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். இப்படி ஒரு புத்தகத்தைப் பிள்ளைகளோடு வாசித்தால் அன்றைக்கோ ஆறு மாதம் கழித்தோ ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொல்லக்கூடும். “சும்மா இரு, யார்கிட்டயும் சொல்லாத” என்று அப்போது சொல்லிவிடக் கூடாது. நம்புகிறேன் என்று சொல்லுங்கள், உன் மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள். அதற்குத் தயாராகிக்கொண்டு அப்புறம் புத்தகத்தைத் திறக்கலாம்.

சாதியைப் பற்றி எழுதுவது இதை விடக் கஷ்டமாக இருக்கிறது. பாலியல் தொல்லையில் கெட்டவன் யாரோ ஒருவன். சாதியில் பிள்ளையின் சொந்தத் தாத்தாவே தப்பு செய்கிறவராக வரக்கூடும். விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’, சாதி அடையாளமாகப் பள்ளிப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிற்றை வைத்து இதைப் பேசியது. ஒரு கயிறு, ஒரு கை, ஒரு கேள்வி, அவ்வளவுதான். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் 2024 அறிக்கையும் அதே கயிற்றைத் தடுக்கச் சொன்னது. என் மாடியில் கயிறு கட்டிய கைகளும் உண்டு, கட்டாத கைகளும் உண்டு. அந்தக் கதையை வாசித்த அன்று ஒரு பையன் கையை மெதுவாக டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டான். நான் பார்த்தும் பார்க்காதது போல அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கதை வேலை செய்யும்போது நடுவில் புகுந்து பாடம் எடுக்கக் கூடாது.

மாதத்தில் ஒருநாள் ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்துக்குப் புத்தகங்களோடு போவேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து இன்னும் உள்ளே. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் பிள்ளைகள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்வார்கள். காப்பித் தோட்டத்தில் பழம் எடுக்கும் மாதங்களில் பிள்ளைகள் வருவது குறையும். நான் கொண்டுபோகும் புத்தகங்களில் மலைவாசி என்று ஒருவர் வந்தால், ஒன்று ஈட்டியோடு ஆடுவார், இல்லை கீழேயிருந்து வந்த டாக்டரைப் பார்த்து அதிசயப்படுவார். தன்னைத் தேடி அந்தப் பக்கத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அது என்ன சொல்கிறது? ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், பிள்ளைகளின் புத்தகம் சிலநேரம் பிறர் வாழ்க்கையைக் காட்டும் ஜன்னல், சிலநேரம் தன் முகத்தைக் காட்டும் கண்ணாடி என்றார். மலைப் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பதெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்க்கும் ஜன்னல்கள்தான்.

போன வருஷம் கோடை விடுமுறைக்கு அப்புறம் போனபோது ஒன்பதாவது படித்த ஒரு பெண்ணைக் காணோம். “அவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க அக்கா” என்று அவள் தோழி சொன்னாள். சொல்லிவிட்டு, கையிலிருந்த புத்தகத்தை மூடவும் இல்லை, படிக்கவும் இல்லை. மலையில் மட்டும் நடப்பது இல்லை இது, சேலம் நகரத்திலேயே தறி வீடுகளிலும் நடக்கிறது. 18 வயதுக்குள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006 சட்டப்படி குற்றம் என்று சுவரில் எழுதிப்போட்டிருக்கிறோம், பேரணி நடத்துகிறோம், அதுவும் தேவைதான். ஆனால் அந்தத் தோழிக்கு என்ன புத்தகம் கொடுப்பது? கலெக்டர் ஜீப்பில் வந்து கல்யாணத்தை நிறுத்தும் கதைகள் இருக்கின்றன. நிறுத்த யாரும் வராத கதையில், நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி எழுத வேண்டும். அவள் கோபத்துக்கும், நாளைக்கு எனக்கும் இதுதானா என்ற பயத்துக்கும் சொல் வேண்டும். கல்யாணமான அந்தப் பெண்ணுமே படிக்க முடிந்த, அவளை முடிந்துபோனவளாகக் காட்டாத கதை வேண்டும்.

பன்னிரண்டிலிருந்து பதினேழு வயது வரை தமிழில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 2023இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் புத்தகங்கள் கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது அருமையான ஏற்பாடு. பறக்கத் தொடங்கியவர்கள் போய் உட்காரத்தான் கிளை குறைவு. நேராகப் பெரியவர்களின் நாவலுக்குத் தாவ வேண்டும், இல்லை போனுக்குப் போக வேண்டும். இந்த வயதுக்கு எழுதும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு தேவை. தற்கொலையைப் பற்றி எழுதலாம். மே மாதம் ரிசல்ட் வரும் ஊரில் எழுதாமல் இருப்பதுதான் தப்பு. ஆனால் எப்படிச் செய்துகொண்டார் என்ற விவரம் கூடாது, அதை வீரமாகவோ பழிவாங்கலாகவோ காட்டக் கூடாது. நாயகன் தற்கொலை செய்துகொள்வதாக முடியும், ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் வெர்தர் நாவல் 1774இல் வந்தபோது இளைஞர்கள் அதைப் பார்த்துச் செய்துகொண்டார்கள் என்ற கவலையில் சில ஊர்களில் தடையே போட்டார்கள். பார்த்துச் செய்யும் இந்தப் போக்குக்கு 1974இல் வெர்தர் விளைவு என்றே பெயர் வைத்தார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. சாக நினைத்த ஒருவர் அந்த ராத்திரியை எப்படிக் கடந்தார் என்று சொல்லும் செய்திகள் உயிரைக் காக்க உதவக்கூடும் என்று ஆஸ்திரியாவில் செய்து 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எழுதுகிறவர் நின்று எழுத வேண்டிய இடம் அந்த ராத்திரியும் மறுநாள் காலையும். யாரைக் கூப்பிட்டான், என்ன பேசினான், காலையில் என்ன சாப்பிட்டான். 14416 என்ற மனநல உதவி எண் கதைக்குள்ளேயே ஒரு சுவரில் எழுதியிருக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

முடிவைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள்: “கடைசியில நல்லபடியா முடியுதுங்களா?” எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால், சரியாகாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை அதைப் பொய் என்று கண்டுபிடித்துவிடும். அதற்காக இருட்டில் விட்டுவிட்டும் வரக் கூடாது. அப்பா குடியை நிறுத்தாமல் போகலாம். ஆனால் பக்கத்து வீட்டு அத்தை கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று முடியலாம். நான் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது கடைசிப் பக்கத்தில் அந்தப் பிள்ளையோடு யாராவது ஒருவர் இருக்கிறாரா என்று மட்டும் பார்ப்பேன்.

அம்மாயி பேரைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் மூன்று வாரம் வரவில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே குழப்பம். நாலாவது வாரம் வந்தாள், கூடவே அவள் அம்மாவும் மேலே வந்து பாயில் உட்கார்ந்தார். அவள் ஒரு நோட்டுப் பக்கத்தை எடுத்து நீட்டினாள். அம்மாயியிடம் நேரே கேட்டுவிட்டாளாம். அம்மாயி முதலில் சிரித்தாராம், அப்புறம் ஒருநாள் முழுக்கப் பேசவில்லையாம், அதற்கடுத்த நாள் அவராகவே உட்காரவைத்து, கூடப் பிறந்தவர்கள் பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாராம். வரிசையாக ஐந்து பெண் பெயர், நான்காவது போதும்பொண்ணு. ஆறாவதுக்கு எண் மட்டும் போட்டு, எதிரே ஒரு கோடு இழுத்திருந்தாள்.

“அது பொறந்து மூணு நாள்தான் இருந்துச்சாம். பேரு வெக்கலையாம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அதப் பத்தி கதை இருக்காக்கா?” என்று கேட்டாள்.

இரண்டு பெட்டியையும் கவிழ்த்துத் தேடினேன். என்னிடம் இருந்தவற்றில் இல்லை. அவள் அம்மா பெட்டியிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தார்.